பத்து மணிக் கோப்பி

என் கணவர் தினமும் காலை பத்து மணிக்கு லிந்துலைக் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குச் சொன்னவள், பிள்ளைக்கு ஸ்கூல் வெள்ளைத் துணி வாங்க வந்த ஒரு பெண். கோள் சொல்லும் எண்ணத்தில் சொல்லவில்லை. அந்தக் கோப்பி அவ்வளவு நன்றாக இருக்குமா என்று கேட்டாள், அவ்வளவுதான். நான் சிரித்துக்கொண்டே இரண்டு மீட்டர் அளந்து வெட்டிக் கொடுத்தேன். அவள் படியிறங்கிப் போன பிறகுதான் அந்தப் பேச்சு எனக்குள் உறைத்தது.

தலவாக்கலையில் ஒரு புடவைக் கடையில் எனக்குப் பத்தொன்பது வருட வேலை. சேர்ந்த புதிதில் ஒரு தீபாவளிக் கூட்டத்தில் என் கண் முன்னாலேயே இரண்டு சேலைகள் காணாமல் போயின. முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன், கை செய்த வேலையைக் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களின் கையைத்தான் முதலில் பார்ப்பேன். அந்தப் பழக்கம் கடையோடு நிற்கவில்லை. பஸ்ஸில், கோயிலில், சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்தில்கூட யார் கை எங்கே போகிறது என்று என் கண் தானாகத் தேடும். எவரையும் முழுசாக நம்பிவிடக்கூடாது என்பது எனக்கு ஒரு தொழில் மாதிரி ஆகிவிட்டது.

என் கணவருக்கு ஆட்டோ ஓட்டும் தொழில். காலையிலும் பகலிலும் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்குவார். நடுவில் இருக்கும் நேரத்தில் வட்டகொடை ஸ்டேசனில் ஆட்டோவைப் போட்டு ரயிலில் வருகிறவர்களை ஏற்றுவதாகச் சொல்லுவார். பத்து மணிக்கு ரயில் பார்க்க வேண்டிய மனுசன் லிந்துலையில் கோப்பி குடிக்கிறாரா? ஒரு நாள் குடித்திருக்கலாம். தினமுமா?

அதே வாரம் வியாழக்கிழமை, வட்டகொடையில் குடியிருக்கும் என் தங்கச்சி போன் பண்ணினாள். எதையோ பேசிவிட்டு, காலையில் பத்து மணிப் பக்கம் ஸ்டேசனில் எங்கள் ஆட்டோ நின்றதைப் பார்த்ததாகச் சொன்னாள். பின்கண்ணாடியில் வேல் ஒட்டிய ஆட்டோ, தப்பாக இருக்க வழியில்லை. "மச்சானத்தான் காணோம்க்கா. டீ குடிக்கப் போயிட்டாரு போல" என்றாள். வெள்ளைத் துணி வாங்கிய பெண் வெள்ளிக்கிழமை மறுபடி கடைக்கு வந்தாள். நேற்றும் என் வீட்டுக்காரரை அங்கே பார்த்தாயா என்று விளையாட்டாகக் கேட்டேன். பார்த்ததாகச் சொன்னாள். பத்து மணிதான்.

ஆட்டோ வட்டகொடையில் நிற்கிறது, ஆள் லிந்துலையில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் தலவாக்கலை டவுனே இருக்கிறது.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்த எல்லாமே எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. முன்பெல்லாம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து என்னைக் கடை வாசலில் விட்டுவிட்டுப் போவார். பொங்கலுக்குப் பிறகு, ஹயர் ஓட்டம் கூடிவிட்டது, நீ பஸ்ஸில் போ என்றார். லிந்துலைக்கு மேலே தோட்டத்தில் இருக்கும் எங்கள் லயத்துக்கு ஆட்டோ ஏறாது. கீழே கோயில் வளைவில் நிறுத்திவிட்டுப் படியேறித்தான் வரவேண்டும். அதனால் அவர் எப்போது வந்தார், யாரோடு வந்தார் என்பது எனக்குத் தெரியாது. நான் புதுச்சேலை கட்டினால் முதலில் சொல்கிறவர் அவர்தான். மாசி மகத்துக்கு நான் கட்டிய பச்சைச் சேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பேசுவதையும் விட்டுவிட்டார். பேசும்போது பார்வை என் காதுப் பக்கம் எங்கேயோ நிற்கும். குற்றம் செய்தவன் பார்வை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

எல்லாவற்றையும்விட அந்தப் போன். மெசேஜ் எழுதுவதையே நிறுத்திவிட்டு, பேசி அனுப்பவும் பேசி வந்ததைக் கேட்கவும் தொடங்கியிருந்தார். காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் கேட்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போனபோது போனை எடுத்தேன். பெயர் போடாத ஒரு நம்பரிலிருந்து வரிசையாகக் குரல் மெசேஜ்கள் வந்திருந்தன. கடைசியாக வந்ததைக் கேட்டேன். பெண் குரல்.

"அண்ணே, நாளைக்கும் பத்து மணிக்கு வந்துருங்க. வீட்டுல சொல்லிட்டீங்களா? எத்தன நாளைக்கு இத மறைக்கிறது?"

போனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் உலையில் அரிசியைப் போட்டேன். பாதி வெளியே கொட்டியது. அண்ணே என்று கூப்பிட்டது எனக்கு ஒரு ஆறுதலையும் தரவில்லை. ஊரில் எல்லாரும் எல்லாரையும் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அந்தக் கோப்பிக்கடையைப் பற்றி ஊரில் ஏற்கெனவே பேச்சு இருந்தது. சுற்றிலும் தேயிலை, எல்லார் வீட்டிலும் தேத்தண்ணி. இதற்கு நடுவில் ஒருத்தி கோப்பி விற்க வந்தால் அவளுக்கு வேறு ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று சனங்கள் முடிவு செய்துவிட்டார்கள். அவள் பக்கத்துத் தோட்டத்துக்காரிதான். பல வருடம் துபாயில் ஒரு கோப்பிக்கடையில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவள். புருசன் இருக்கிறானா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை, அவளும் யாரிடமும் சொல்லவில்லை. அதுவே பேச்சுக்குப் போதுமானதாக இருந்தது.

திங்கட்கிழமை இரண்டு டீச்சர்மார் சேலை பார்க்க வந்தார்கள். ஸ்கூல் விட்டு அந்தக் கடையில் ஒரு கோப்பி குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவோம், உட்கார்ந்து பேச நல்ல இடம் என்று ஒருவர் சொன்னார். சேலையை விரித்துக்கொண்டே நான் கேட்டேன்: "அங்க போறவங்க எல்லாம் கோப்பிக்காகவா டீச்சர் போறாங்க?"

இவ்வளவுதான் சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலே சொல்லத் தேவை இருக்கவில்லை. அந்த ஒரு கேள்வி எங்கள் கடையிலிருந்து பேக்கரிக்குப் போய், பேக்கரியிலிருந்து பஸ்ஸுக்குப் போய், பத்து நாளில் என்னிடமே திரும்பி வந்தது. வரும்போது அது கேள்வியாக இருக்கவில்லை. துபாயிலிருந்து அவளைத் துரத்திவிட்டார்களாம், இங்கே குடும்பத்து ஆம்பிளைகளை வளைத்துப் போடுகிறாளாம். அதைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்தக் கடைக்குப் போனேன். அந்த நேரத்தில் அவர் அங்கே இருக்கமாட்டார் என்று தெரிந்துதான் போனேன். முதலில் அவளைப் பார்க்க வேண்டும்.

முன்பு போன் பேசும் கொம்யூனிகேசன் கடையாக இருந்த அறைதான். ரோட்டுப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஐந்து கறுப்பு மேசைகள். கண்ணாடி ஓரத்தில் ஒரு வெள்ளைக்கார ஜோடி பெரிய பைகளோடு உட்கார்ந்திருந்தது. மூலையில் ரிட்டயரான தோட்டத்து கிளார்க் ஐயா ஒருவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். டீச்சர்மார் வரும் நேரம்தான், ஆனால் அவர்களைக் காணவில்லை. கோப்பி வறுத்த வாசம் சட்டையில் ஒட்டும் அளவுக்கு இருந்தது.

அவளுக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்தளவு வெட்டிய முடி, கறுப்பு ஏப்ரன், மணிக்கட்டில் மெஷின் ஆவி பட்ட பழைய தழும்பு. நான் எதிர்பார்த்த அழகி இல்லை. அது என் சந்தேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டத்தான் செய்தது. அவள் யாரிடமும் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. கிளார்க் ஐயாவின் கப் காலியானதும் இன்னொன்றைக் கொண்டுவந்து, பக்கத்தில் ஒரு துண்டு கருப்பட்டியும் வைத்தாள். வெளியே மழை தூறத் தொடங்கியதும் வெள்ளைக்காரர்களின் பைகளைக் கதவோரத்திலிருந்து உள்ளே நகர்த்தி வைத்தாள். எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் கடையில் நிற்கிறவள்தான், அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஆனால் எதற்காகப் பார்க்கிறாள் என்பதுதான் புரியவில்லை.

வெள்ளைக் கப்புகள் அடுக்கிய தட்டில் ஒரே ஒரு மஞ்சள் கப் இருந்தது. மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக, ஒரு துணி மேல் கவிழ்த்து வைத்திருந்தாள். யாருக்கென்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

என் மேசைக்கு ஒரு பால் கோப்பி வந்தது. "சீனி போடலக்கா" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள்.

எனக்குச் சீனி வியாதி என்று கிளினிக்கில் சொல்லி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. என் தங்கச்சிக்குக்கூடச் சொல்லவில்லை. தெரிந்த ஒரே ஆள் என் கணவர். நான் யாரென்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் உடம்பில் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கிறது. என்னைப் பற்றி இவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். பாதிக் கோப்பியில் எழுந்து வந்துவிட்டேன். அது ருசியாக இருந்ததா என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் வேலைக்குப் போகிறவள் மாதிரிக் கிளம்பி, தலவாக்கலை பஸ்ஸில் ஏறாமல் லிந்துலைக் கடைத்தெருக் கோயிலில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணி தாண்டி ஐந்து நிமிசம் கழித்துக் கோப்பிக்கடைக் கதவைத் தள்ளினேன்.

அவர் கதவைப் பார்த்த மாதிரி நேரே உட்கார்ந்திருந்தார், தனியாக. கதவுச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். என் முகத்தையேதான் பார்த்தார். என்ன பொய் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

இருபத்தோரு வருடம் கூட வாழ்ந்தவள் எதிரில் நிற்கிறேன், முன்பின் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுக் குனிந்துகொள்கிறார். இவ்வளவு நடிக்கத் தெரிந்தவரா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடுத்த மேசையில் போய் உட்கார்ந்தேன். அவரே பேசட்டும் என்று இருந்தேன். கடைக்காரி என்னைப் பார்த்துவிட்டு மெஷின் பக்கத்தில் அப்படியே நின்றாள். அவள் முகம் மாறியது. ஆனால் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மஞ்சள் கப்பில் கோப்பியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். வைத்ததும் கரண்டியால் சாசரில் இரண்டு தட்டுத் தட்டினாள். நான் அவள் கையைப் பார்த்தேன். அது அவர் கையைத் தொடுகிறதா என்றுதான் பார்த்தேன். தொடவில்லை. அவள் திரும்பிப் போன பிறகு அவர் கையைப் பார்த்தேன்.

அது மேசை விளிம்பைப் பிடித்தது. அங்கிருந்து மெதுவாகப் பலகை மேலே ஊர்ந்து போனது. சாசர் விரலில் பட்டதும் நின்றது. பிறகு சாசரைச் சுற்றி வந்து கப்பின் காதைத் தேடியது. முதல் முறை தவறியது. இரண்டாம் முறை பிடித்துக்கொண்டது. கப்பைத் தூக்கும்போது மற்றக் கையை அதற்குக் கீழே ஏந்திக்கொண்டார்.

எத்தனையோ கைகளைப் பார்த்தவள் நான். இது திருடுகிற கையும் இல்லை, மறைக்கிற கையும் இல்லை. வெளிச்சத்துக்கு எதிராகக் கதவில் நின்ற என்னை அவர் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"என்னங்க" என்றேன்.

கப் அந்தரத்தில் நின்றது. குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார், ஆனால் பார்வை என் காதுப் பக்கம்தான் போய் நின்றது.

"எப்பருந்து?" என்று கேட்டேன்.

கப்பைத் தடவிச் சாசரில் இறக்கி வைத்தார். தீபாவளிக்கு முன்னாலிருந்தே இரண்டு பக்கமும் இருட்டிக்கொண்டு வந்ததாகவும், நேரே மட்டும் ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரித் தெரிந்ததாகவும், இப்போது அதுவும் கலங்கலாகிவிட்டதாகவும் சொன்னார். வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று தெரியும், அதனால் சமாளித்ததாகச் சொன்னார்.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். அவர் மேல் இல்லை, அவள் மேல். எழுந்து அவள் முன்னால் போய் நின்றேன்.

"ஸ்கூல் புள்ளைங்கள ஏத்துற மனுசன். கண்ணு தெரியாதுன்னு தெரிஞ்சும் கோப்பி ஊத்திக் குடுத்துட்டு இருந்திருக்கீங்க" என்றேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "பொங்கலுக்கு அப்புறம் அண்ணன் ஆட்டோவத் தொடலக்கா" என்றாள்.

நடந்ததை அவள்தான் சொன்னாள். பொங்கல் முடிந்து ஒரு காலையில் அவர் ஆட்டோவைக் கொண்டுவந்து கடை வாசலில் வைத்திருந்த பூந்தொட்டியில் மோதியிருக்கிறார். அதற்கு முன்பே இரண்டு முறை அவர் கை பட்டுக் கப் உடைந்ததை இவள் கவனித்திருக்கிறாள். வெளியே வந்து, அவர் முகத்துக்குப் பக்கவாட்டில் கையைக் காட்டி எத்தனை விரல் என்று கேட்டிருக்கிறாள். அவருக்குக் கை இருப்பதே தெரியவில்லை. சாவியைக் கொடுங்கள், இல்லையென்றால் இப்போதே ஸ்கூலுக்குப் போய்ச் சொல்லிவிடுவேன் என்றிருக்கிறாள். அவர் கொடுத்துவிட்டார். தேயிலைப் பக்டரி லொறி வேலையை விட்டு நின்ற ஒரு டிரைவரை இவள்தான் தேடிப்பிடித்தாள். பிள்ளைகளை ஏற்றுவது, வட்டகொடையில் நிற்பது எல்லாம் அந்த ஆள்தான். காலையில் கோயில் வளைவில் என் கணவரை ஏற்றிக்கொள்வதும் சாயங்காலம் கொண்டுவந்து விடுவதும் அதே ஆள்தான். பகலில் ஸ்கூல் விடும் நேரத்துக்கு அந்த ஆள் வந்து கூட்டிப்போகும் வரை என் கணவர் இந்தக் கடையில். மஞ்சள் கப், கறுப்பு மேசையில் அந்த நிறம் மட்டும் அவருக்குக் கொஞ்சம் தெரிகிறது என்பதற்காக.

"வீட்டுல சொல்லுங்கன்னு நாளும் சொன்னேன். நானா வந்து சொல்ல எனக்கு என்ன உரிம இருக்குக்கா" என்றாள்.

அவர் பக்கம் திரும்பி, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சாசரை விரலால் ஒரு தரம் சுற்றித் தடவினார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அம்மா காரியத்தன்னைக்கு நீ சொன்னியே. இனிமே யாரையும் பாத்துக்க எனக்குத் தெம்பு இல்லன்னு."

சொன்னேன்தான். அவருடைய அம்மா நாலு வருடம் படுக்கையில் கிடந்து செத்தார். எடுத்தது, கழுவியது எல்லாம் நான். காரியம் முடிந்து பாத்திரம் கழுவும்போது யாரிடமோ அலுப்பில் சொன்ன பேச்சு. அவர் காதில் விழுந்தது எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார்.

கண் கிளினிக்கில், கண்ணுக்குள்ளே அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டது என்றார்கள். போனது திரும்பாது, மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றலாம் என்று மருந்து தந்தார்கள். நேரம் தவறாமல் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். நான்தான் விடுகிறேன். ஆட்டோவை அந்த டிரைவரே ஓட்டுகிறார்.

நான் பரப்பிய பேச்சை அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் கடையில் யாரும் இல்லாதபோது போய்ச் சொன்னேன். அவள் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்க்கா. டீச்சர் ஒருத்தங்க வந்து சொன்னாங்க" என்றாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "எங்கிட்டக் கேக்காதீங்க. யார்கிட்டச் சொன்னீங்களோ அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

போனேன். டீச்சர்மாரிடம், பேக்கரியில், பஸ்ஸில், எங்கள் கடைக்கு வருகிறவர்களிடம், ஒருவர் விடாமல் சொன்னேன். நான் சொன்னது தப்பு, அந்தப் பொம்பிளையால்தான் பிள்ளைகளுக்கு ஆபத்து ஒன்றும் வராமல் இருந்தது என்று சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும் என்று ஆறுதலும் சொன்னார்கள். அந்த ஆறுதலில்தான் விசயம் புரிந்தது. புருசனைக் காப்பாற்ற நான் கதை கட்டுகிறேன் என்று நினைக்கிறார்கள். கண் தெரியாதது உண்மை, ஆனால் மற்றதும் உண்மையாகத்தான் இருக்கும் என்று பேக்கரிக்காரி என் முதுகுக்குப் பின்னால் சொன்னது என் காதுக்கே வந்தது. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

டீச்சர்மாரில் ஒருவர் திரும்ப அந்தக் கடைக்குப் போகிறார். மற்றவர் ரோட்டின் அந்தப் பக்கமாக நடந்து போகிறார். கடை ஓடுகிறது. என் கணவர் இப்போதும் பத்து மணிக்கு அங்கேதான். கிளார்க் ஐயா அவருக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுகிறார். அது தெரிந்தும், சில நாள் ஒரு ஹோல்ட் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துவிட்டுத்தான் போகிறேன். ஒரு தடவை அவள் என்னைக் கண்டுவிட்டாள். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. அவர் உட்கார்ந்திருக்கும் மேசை எனக்குத் தெரிவதற்காகக் கொஞ்சம் ஒதுங்கி நின்றாள்.

போன வாரம் கிளினிக்குக்காக நுவரெலியா பஸ்ஸில் போனோம். அவர் ஜன்னலோரம் இருந்தார். பாதி வழியில், இன்றைக்கு வலது கண்ணில் நன்றாகத் தெரிகிறது, மலையில் கொழுந்தெடுக்கிறவர்கள் நிற்பதுகூடத் தெரிகிறது என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாரோ என்று உடனே தோன்றியது. அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். மலை முழுக்கப் பனி மூடியிருந்தது. ஆள் நிற்கிறார்களா இல்லையா என்று எனக்கும் தெரியவில்லை. எத்தனை பேர் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்காமல், மருந்து போத்தல் பையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.